போட்டுப் பார்க்கிற முடிச்சு

அத்தியாயம் பதினேழு

படித்த பெண், சம்பாதிக்கிற பெண், இப்படி ஒரு பந்தயத்துக்குப் போய்த் தலையாட்டுவாளா என்று போன வாரம் சிலர் கோபமாக எழுதியிருந்தீர்கள். ஆட்டினாள். எனக்கும் கோபம்தான். ஆனால் அவள் மாமியார் இருக்கிற சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து எழுந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

விட்டுப்போனவர்களுக்காக நாலு வரி. மருமகள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். ஒன்பது வருஷ சர்வீஸ். வேறொரு ஊரில் புதிதாகத் திறக்கிற கிளைக்கு லேப் பொறுப்பாளராக அவளைத்தான் அனுப்புவது என்று பெரிய டாக்டர் முடிவு செய்துவிட்டார். இரண்டு வருஷம் அங்கே இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்து.

இதை அவள் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. தெருவுக்கே ‘பெரிய டீச்சர்’.

“இவளுக்கு எதையும் முடிக்கத் தெரியாதுடா,” என்றார் மகனைப் பார்த்து. “வயித்துல இருந்ததையே மூணு மாசத்துக்கு மேல வச்சுக்கத் தெரியல. லேபைத் தூக்கி இவ கையில குடுக்கறாங்களாம்.”

இரண்டு வருஷத்துக்கு முன் கலைந்துபோன கருவைப் பற்றி அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. திறந்தபோது இப்படித் திறந்தது. மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சமாதானம் செய்து வைக்கிறவன் மாதிரி ஒரு வழி சொன்னான்.

“ஞாயித்துக்கிழமை ஓடப் போறல்ல? இருபத்தோரு கிலோமீட்டரையும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சுக் காட்டு. முடிச்சுட்டா நீ தாராளமா போ. அம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. முடிக்கலன்னா இந்தப் பேச்சு இதோட சரி.”

அவளுடைய பழைய நேரம் இரண்டு மணி ஆறு நிமிஷம். ஆறு மாதமாக அதை உரசி உரசிக் குறைத்துக்கொண்டு வந்தவள். கரு கலைந்த பிறகு அழுவதற்கு அந்த வீட்டில் ஓர் இடம் கிடைக்காமல்தான் அவள் ஓடவே ஆரம்பித்தாள். அங்கே இருந்த வாய்களைவிடத் தன் கால்களை நம்பினாள். சரி என்று சொல்லிவிட்டாள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

*

நாலரை மணிக்கே எழுந்து, மாமியாருக்குச் சர்க்கரை பார்த்து, ஊசி போட்டு, இரண்டு ரொட்டித் துண்டும் பாலும் சாப்பிட வைத்துவிட்டுத்தான் மருமகள் தன் ஷூவைத் தேடினாள். அந்த ஊசியை வேறு யார் போட்டாலும் பெரிய டீச்சருக்கு வலிக்கும். மருமகளை எவ்வளவு திட்டினாலும் அவள் கையை மட்டும் திட்டியதில்லை.

குடும்பமே கிளம்பி வந்தது. பெரிய டீச்சர், மகன், கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கிற மகள். பார்க்கிறவர்களுக்கு என்ன ஒற்றுமை என்றுதான் தோன்றியிருக்கும்.

“போனைக் கையில வச்சுக்கிட்டு ஓடுவியா? குடு, நான் வச்சிருக்கேன்,” என்றார் மாமியார்.

மருமகள் கொடுத்தாள். போனைத் திறக்கிற நம்பர் அவள் புருஷன் பிறந்த தேதி. பெற்றவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புருஷன் ஷூக்கடைக்காரன். கடைவீதியில் இருபது வருஷமாகக் கடை. குனிந்து அடுத்தவர் காலைத் தொடுவதில் அவனுக்குக் கூச்சமே கிடையாது. நாள் முழுக்க அதுதான் வேலை. ஆரம்பக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் அவள் காலடியில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் கட்டிவிட்டான். கண் மூடித் திறப்பதற்குள் கட்டி முடித்திருந்தான்.

அவன் கடையில் இரண்டு முடிச்சு உண்டு. வாங்க வந்தவர் சும்மா போட்டு நடந்து பார்க்க ஒரு முடிச்சு. சுண்டினால் அவிழ்ந்துவிடும், அடுத்த ஜோடிக்குப் போக வசதி. வாங்கி முடித்து, அப்படியே போட்டுக்கொண்டு போகிறேன் என்பவர்களுக்கு இன்னொரு முடிச்சு. அதை வீட்டில் போய் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும். முதலாவதற்குப் போட்டுப் பார்க்கிற முடிச்சு என்றும், அடுத்ததற்குக் கொண்டுபோகிற முடிச்சு என்றும் கடையில் பெயர். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அவளுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவன் அவளோடு சிரித்துப் பேசிய மத்தியானங்களில் அது ஒன்று.

“கொண்டுபோற முடிச்சு,” என்று தட்டிக்கொடுத்தான். “பூமியே பிளந்தாலும் அவிழாது.”

என் பக்கம்தான் இருக்கிறான், அம்மாவுக்கு முன்னால் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். இப்படி நினைத்து நினைத்தே பதினொரு வருஷம் ஓடியிருக்கிறது.

*

ஆறு மணிக்குக் கூட்டம் கிளம்பியது.

முதுகில் கொடி கட்டிக்கொண்டு ஓடுகிற ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொடியில் இரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கும். அவர் சரியாக அந்த நேரத்துக்குள் போய்ச் சேர்வார். அவருக்கு முன்னால் இருக்கிறவரைக்கும் பயமில்லை. மருமகள் முதல் கிலோமீட்டரிலேயே கொடியைப் பின்னால் விட்டுவிட்டாள்.

ஐந்து கிலோமீட்டரில் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. எட்டில் வெயில் ஏறியது. பதினொன்றரையில் ஒரு பாலம். பாலத்தின் உச்சியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஏழு ஐந்து. கணக்கைவிடக் கொஞ்சம் முன்னாலேயே இருந்தாள். யாரும் இல்லாத பக்கமாகத் திரும்பிச் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்த அத்தியாயத்தில் அவளுக்கு வேறு சிரிப்பு கிடையாது.

பதினெட்டாவது கிலோமீட்டரில் தண்ணீரோடு நிற்பேன் என்று புருஷன் சொல்லியிருந்தான். நின்றான். எதிர்ப்பக்க நடைபாதையில் நாத்தனார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடிகாரத்தில் ஒரு மணி நாற்பத்தொரு நிமிஷம். கிட்டத்தட்ட அரை நிமிஷம் கையில் மிச்சம்.

“நில்லு! நில்லு! லேஸ் அவிழ்ந்திருக்கு பாரு, விழுந்து தொலைக்கப் போற!” என்று ஓடி வந்து பாட்டிலை அவள் கையில் திணித்தான்.

பதினெட்டு கிலோமீட்டர் ஓடியவளுக்குக் குனிந்து பார்க்கிற தெம்பு கிடையாது. பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வலது காலை நீட்டினாள், அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். அவன் கீழே உட்கார்ந்தான்.

“சீக்கிரங்க.”

“இரு, இரு. இறுக்கமா கட்ட வேண்டாமா?”

“கட்டியாச்சா?”

“ஆச்சு, ஆச்சு. ஒரே நிமிஷம்.”

கொடிக்காரர் அவளைத் தாண்டிப் போனார். அவர் பின்னால் ஓடிய கூட்டத்தில் ஒரு பெரியவர் அவளைப் பார்த்து, “வாம்மா, வா, விட்டுடாத,” என்று கையசைத்தார். புருஷன் எழுந்து முதுகில் தட்டி, “போ!” என்றான்.

போனாள். இருபதாவது கிலோமீட்டரில் கொடியை மறுபடி பிடித்தும்விட்டாள். அங்கேதான் வலது ஷூ தளர்ந்து, லேஸ் காலைச் சுற்றி அடித்தது. இரண்டு தப்படி தடுமாறி, ஓரமாக உட்கார்ந்து கட்டினாள். அரை நிமிஷம் போனது. எழுந்தபோது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.

கடைசி நானூறு மீட்டரை அவள் எப்படி ஓடினாள் என்று எழுத எனக்கு மனசில்லை. கூட்டம் கை தட்டியது. மேலே பெரிய மின்கடிகாரம். அவள் கண்ணெதிரே ஒன்று ஐம்பத்தொன்பது ஐம்பத்தொன்பது, இரண்டாகிவிட்டது. அப்புறமும் ஓடினாள்.

இரண்டு மணி பத்தொன்பது விநாடி.

மாமியார் துண்டோடு தயாராக நின்றார். வேர்வையைத் துடைத்துவிட்டார். அப்படி வாஞ்சையாக அவளை அவர் தொட்டதே இல்லை.

“ஐயோ பாவம்,” என்றார். “பத்தொன்பது செகண்டாமே!”

*

வீட்டுக்கு வந்ததும் பெரிய டீச்சர் கண்ணாடியைத் தேடி எடுத்தார். சிவப்புப் பேனாவையும் எடுத்தார். ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆகியும் கூடவே வைத்திருக்கிற பேனா. மருமகள் நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் அட்டையைக் கேட்டு வாங்கி, அதன் மேல் நேரத்தை எழுதினார். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ‘முயற்சி போதாது’. அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

“அம்மா, விளையாட்டுக்கு ஒரு அளவு இருக்கு,” என்றான் மகன். குரலில் அவ்வளவு வலு இல்லை.

“விளையாட்டா? பந்தயம் வச்சது நீ. நான் மார்க்தான் போட்டேன்.”

அதற்குப் பிறகு போன். சித்தி, பெரியம்மா, மாமா வீடு என்று ஒவ்வொன்றாகப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “இதோ, அவளே சொல்றா கேளுங்க,” என்று மருமகள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“எவ்வளவும்மா?” என்றது போன்.

“ரெண்டு மணி பத்தொம்பது செகண்ட், பெரியம்மா.”

“நல்லாத்தானே ஓடியிருக்க!”

“நல்லாத்தான் ஓடினா,” என்றார் மாமியார் இடையில் புகுந்து. “முடிக்கத்தான் தெரியல.”

நாலு வீட்டுக்கு நாலு தடவை சொன்னாள். நாலாவது தடவை குரல் கம்மியது. அழக்கூடாது என்று உள்ளங்கையில் நகத்தை அழுத்திக்கொண்டாள். சொன்ன வாக்கு, தோற்ற பந்தயம், தன் கால்தான் சதி செய்துவிட்டது என்று நம்பினாள். பத்தொன்பது விநாடிக்கு யாரைக் குறை சொல்வது?

மாமியார் அவள் போனைத் திருப்பிக் கொடுத்தார். “டாக்டர்கிட்ட நாளைக்கு நீயே பக்குவமா சொல்லிடு. வாக்கு வாக்குதான்.”

கடை திறக்க நேரமாகிவிட்டது என்று மகன் நழுவினான். ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு வியாபாரம்.

இங்கே பெரிய டீச்சர் ஒரு தப்பு செய்தார். வாய் சும்மா இருக்கவில்லை. சோபாவில் சாய்ந்து போன் நோண்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, “இவளாவது ஓடித் தோத்தா. நீ உருண்டாக்கூட அடுத்த தெரு போய்ச் சேர மாட்ட. உன் புருஷன் உன்னை எங்கேயும் கூட்டிட்டுப் போகாததுல ஆச்சரியமே இல்ல,” என்றார்.

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து அண்ணி படுத்திருந்த அறைக்குப் போனாள்.

அவளுக்கு அண்ணி மேல் பாசம் பொங்கிவிட்டது என்று யாரும் அவசரப்பட வேண்டாம். ஓட்டப் பாதையில் எடுத்த வீடியோவைக் காலையிலேயே இரண்டு தடவை பார்த்துவிட்டாள். பார்த்து, சிரித்து, சும்மா இருந்தவள்தான். இப்போது அம்மாவின் மேல் கோபம் வந்தது, அவ்வளவுதான்.

“அண்ணி, இதைப் பாருங்க.”

“இப்ப வேண்டாம். தலை வலிக்குது.”

“பாருங்கன்னா பாருங்க. அண்ணன் கையை மட்டும் பாருங்க.”

மருமகள் பார்த்தாள்.

திரையில் அவள் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறாள். கீழே அவள் வலது ஷூ. லேஸ் அவிழவே இல்லை. காலையில் கட்டிய முடிச்சு கட்டியபடியே கச்சிதமாக இருந்தது. அவள் புருஷன் விரலை உள்ளே நுழைத்து அதை நெம்புகிறான். வரவில்லை. நகத்தால் இழுக்கிறான். அவிழ்கிறது. அப்புறம் லேஸை இந்தக் கையிலும் அந்தக் கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். தலையைத் திருப்பி, தூரத்தில் வருகிற கொடியைப் பார்க்கிறான். கொடி தாண்டிய பிறகுதான் கட்டுகிறான். சுண்டினால் அவிழ்கிற முடிச்சு.

வீடியோவின் கீழே நேரம் ஓடியது. நாற்பத்தொரு விநாடி.

“அம்மாதான் சொல்லியிருப்பாங்க,” என்றாள் நாத்தனார். “நான் காட்டினேன்னு சொல்லிடாதீங்க. எனக்கு எதுக்கு வம்பு?”

மருமகள் வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். அழவில்லை. எழுந்து, கொப்புளம் வெடித்திருந்த காலில் அதே ஷூவை மாட்டினாள். லேஸைக் கட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டே வெளியே போனாள்.

*

கடையில் கூட்டம். பெஞ்சில் ஒரு தம்பதி, அவர்களுடைய சின்னப் பெண், ஆபீஸ் ஷூ பார்க்கிற ஒரு மீசைக்காரர். கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். புது ரப்பர் வாசனை.

மருமகள் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். கால் வைக்கிற சாய்வு ஸ்டூலை இழுத்து வலது காலைத் தூக்கி வைத்தாள்.

“நீ எதுக்கு இங்க வந்த? படுத்து ரெஸ்ட் எடுக்கலாம்ல?” என்றான்.

“லேஸ் அவிழ்ந்திருக்கு. கட்டுங்க.”

கூட்டத்துக்கு நடுவில் என்ன சொல்வான்? சிரித்துக்கொண்டே ஸ்டூலுக்கு எதிரில் உட்கார்ந்தான். கை தன் பாட்டுக்குக் கட்டியது. அவள் கைக்கடிகாரத்தில் பொத்தானை அமுக்கியிருந்தாள்.

“ஆறு செகண்ட்,” என்றாள்.

“என்னது?”

அவள் சுண்டினாள். முடிச்சு அவிழ்ந்தது. “இன்னொரு தடவை.”

“என்ன விளையாட்டு இது? ஆளுங்க பாக்கறாங்க.”

“கட்டுங்க.”

கட்டினான். மறுபடி ஆறு. மறுபடி சுண்டி அவிழ்த்தாள். மீசைக்காரர் அசந்துபோய், “என்ன வேகம் சார்!” என்றார்.

“இருபது வருஷத் தொழில் சார்,” என்றாள் அவரிடம். “எத்தனை ஆயிரம் கால் பாத்த கை! காலைல மட்டும் நாப்பத்தொரு செகண்ட் ஆச்சு. ஏங்க, ஏன் ஆச்சு?”

போனைத் திருப்பிக் காட்டினாள். சத்தமில்லாமல் ஓடியது வீடியோ. அவன் முழுசாகப் பார்க்கவில்லை. நகத்தால் நெம்புகிற இடம் வந்ததும் கண்ணை எடுத்துக்கொண்டான்.

தம்பதி பெண்ணை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். மீசைக்காரர் கண்ணாடியில் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். காது மட்டும் இந்தப் பக்கம்.

“அம்மா சொன்னாங்க,” என்றான் மெதுவாக. “ஒரு நிமிஷம் நிறுத்தினாப் போதும்னாங்க. நான் நாப்பது செகண்டுதான் நிறுத்தினேன்.”

மிச்சம் இருபது விநாடியைத் தன் கணக்கில் தர்மம் போட்டுவிட்ட தோரணை. எனக்கே அவனை அறையலாம் போலிருந்தது. அவள் அறையவில்லை.

“ஏன்?” என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. நீ இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று அவன் சொல்லியிருந்தால் போதும். பொய்யாகவே சொல்லியிருந்தாலும் போதும். திட்டியிருப்பாள், அழுதிருப்பாள், கடைசியில் மன்னித்தும் இருப்பாள். அந்த ஒரு வரிக்காகத்தான் வெடித்த கொப்புளத்தோடு இவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள்.

அவன் லேஸைத் திருகிக்கொண்டிருந்தான்.

“சரி,” என்றாள். “பந்தயத்துல ஜெயிச்சது நான். இப்பவே, உங்க முன்னாலயே டாக்டருக்குச் சொல்லிடறேன்.”

போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். சித்தி, பெரியம்மா எல்லாம் மாமியாரின் போனில் இருந்து போனவை. இவள் போனில் இன்றைக்கு ஒரே ஒரு அழைப்புதான் இருந்தது. பெரிய டாக்டர். காலை ஏழு ஐந்து. நாலு நிமிஷம்.

பெரிய டீச்சருக்குப் போனைத் திறக்கத் தெரியும், பேசத் தெரியும். பேசியது அங்கேயே பதிவாகி உட்கார்ந்திருக்கும் என்று தெரியாது.

ஏழு ஐந்துக்கு அவள் பாலத்தின் மேல் இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டாவது கிலோமீட்டருக்கு இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மகனை நம்பி எந்த வேலையையும் முழுதாக விட்டுவைத்தவர் இல்லை பெரிய டீச்சர். அவள் ஒன்று ஐம்பதில் ஓடி முடித்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

“இது உங்களுக்குத் தெரியுமா?”

அவன் எட்டிப் பார்த்தான். “சத்தியமா தெரியாது,” என்றான். அது உண்மைதான் என்று நினைக்கிறேன்.

அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். மாமியாரிடம் கற்றது.

“சொல்லும்மா,” என்றார் டாக்டர். குரலில் அப்படி ஒரு கனிவு. “உடம்பு எப்படி இருக்கு? இந்த நிலைமைல ஓடப் போயிட்டியாமே. உன் மாமியார் போன்லயே அழுதுட்டாங்க.”

“எந்த நிலைமைல டாக்டர்?”

“எங்கிட்ட என்ன வெக்கம்? முழுகாம இருக்கேன்னு சொன்னாங்க. போன தடவை மாதிரி ஆயிடக்கூடாது, வெளியூர் எல்லாம் அனுப்பாதீங்கன்னு கெஞ்சினாங்க. நியாயம்தானே?”



“எத்தனை மாசம்னு சொன்னாங்க டாக்டர்?”

“மூணு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மூன்றாவது மாதம் ரத்தத்தோடு போனபோது துணிகளைத் துவைக்கக்கூட ஆளில்லாமல் தானே துவைத்தவள் அவள். அந்தப் பிள்ளையைத்தான் கிழவி மறுபடி எடுத்து அவள் வயிற்றில் வைத்திருக்கிறார், அவளைக் கட்டிப்போட.

புருஷன் சட்டென்று கையை நீட்டிப் போனின் வாயைப் பொத்தினான்.

“ஆமான்னு சொல்லிடு,” என்றான் கிசுகிசுப்பாக. “ப்ளீஸ். பெரிய மனுஷர் முன்னால அம்மா பொய் சொன்னதா ஆயிடும். கொஞ்ச நாள் கழிச்சுக் கலைஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.”

மீசைக்காரர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவள் புருஷனை நன்றாகப் பார்த்தாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி. பிறகு அவன் விரல்களைப் போனிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

“டாக்டர், நாளைக்குப் பத்து மணிக்கு வரேன். நம்ம லேப்லயே நீங்களே என் ரத்தத்தை எடுத்துப் பாருங்க. ரிசல்ட் வந்ததும் கையெழுத்துப் போடறேன்.”



“அம்மா...” என்றார் டாக்டர். கனிவு போய்க் குரலில் கலக்கம் வந்திருந்தது. “காலைல ஒம்பது மணிக்கே அந்த இடத்தை இன்னொருத்தருக்குச் சொல்லிட்டேனே. அவங்களும் சரின்னுட்டாங்க.”

“நான் பத்து மணிக்கு வரேன் டாக்டர்.”

“வா. வந்து பேசு. எனக்கு இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியல.”

போனை வைத்தாள். அவன் கையிலிருந்த லேஸைப் பிடுங்கிக் குனிந்து கட்டினாள். கொண்டுபோகிற முடிச்சு, அவனே சொல்லிக் கொடுத்தது. இறுக்கி, இரண்டாவது சுற்றும் போட்டு, எழுந்து நின்றாள்.

அவன் தரையில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் நின்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இத்தனைக்குப் பிறகும் அந்த ஒரு வரிக்காக இன்னொரு தடவை நின்றாள்.

“சாயங்காலம் அம்மாவுக்கு ஊசி யார் போடுவா?” என்றான்.